படையல் இலையை மடித்தவர்

புதுச்சேரி மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் புதிய நகர்களில் ஒன்றில் கமலவேணியின் வீடு. பால்காரன் அவள் வாசலில் மட்டும் வாயைத் திறக்காமல் பாலை ஊற்றிவிட்டுப் போவான். பேச்சுக் கொடுத்தால், அளவில் கண் போகாமலிருக்கத்தான் பேசுகிறான் என்று நினைப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்ப்பாள். சிரித்துக்கொண்டே வருகிறவரிடம் முதலில் "இன்னா விஷயம்?" என்று கேட்பாள். பதிலுக்குச் சிரிப்பது அப்புறம்தான்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல, கல்யாணத்தில் வந்தது. மில் தொழிலாளி கண்ணையன் வீட்டார் அவளைப் பெண் கேட்டு வந்தபோது நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை, ஒரு சைக்கிள்கூடக் கேட்கவில்லை. அவளுடைய அப்பா அந்தப் பெருந்தன்மையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கல்யாணமான மறுநாள் காலையில் கமலவேணி புருஷனுக்கு இடப்பக்கம் நின்று, காப்பி வேண்டுமா என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கேட்டாள். கண்ணையன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். தறிச் சத்தத்தில் இடது காது அடியோடு போயிருந்தது. அதை மறைக்கத்தான் அவர்கள் எதையும் கேட்கவில்லை. பிறகு அவனோடு நன்றாகத்தான் வாழ்ந்தாள். வலப்பக்கம் நின்று பேசப் பழகிக்கொண்டாள். ஆனால் ஒன்று மட்டும் மனசில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது: ஒன்றும் கேட்காதவர்கள் எதையோ மறைக்கிறார்கள்.

சந்தேகம் அறிவின் முதல் படி என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் அந்தப் படியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வேறு வேலை பார்க்க எழுந்து போய்விடுவார்கள். கமலவேணி அதிலேயே குடியிருந்தாள்.

ஆகவே 2006ஆம் வருடம் நவம்பர் மாதத்தில் ஒரு நாள், பக்கத்து வீட்டு அன்னா மதாம் தட்டில் பழமும் பூவுமாக வந்து உட்கார்ந்து, "எங்க ஜெரெமிக்கு உங்க கவிநிலாவக் குடுங்க கமலா. நாங்க ஒண்ணுமே எதிர்பாக்கல" என்று சொன்னபோது, கமலவேணி மனசில் அந்த ஆணி மறுபடி குத்தியது.

அன்னாவின் கணவர் கிளமான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்துக்காரருக்குப் பிரெஞ்சில் சொல்தா என்று பேர்; அதனால் தெருவில் அவர் வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். ஜன்னல்களுக்குப் பச்சை வண்ண மரக்கதவு போட்ட மாடி வீடு. ஒரே மகன் ஜெரெமி பாரீசுக்குப் பக்கத்தில் எலெக்ட்ரிக் கம்பெனி ஒன்றில் வேலை செய்தான். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை என்றால் புதுச்சேரியில் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வாடகைக்குப் போகிறவர்கள் உண்டு. இவர்களோ நகை வேண்டாம், ரொக்கம் வேண்டாம் என்றார்கள். ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை.

"சர்ச்சுல வெச்சாலும் சரி, கோயில்ல வெச்சாலும் சரி. உங்க இஷ்டம்" என்றார் அன்னா.

கண்ணையனுக்குத் தலைகால் புரியவில்லை. மில் மூடியபின் சேதராப்பட்டில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி உடுப்புப் போட்டு நிற்கிறவன் அவன். "தங்கமான மனுசங்க. எனக்கு நெஞ்சு வலி வந்தப்ப கார எடுத்துக்கிணு ஓடியாந்தது யாரு?" என்றான்.

"உங்க வூட்டுக்காரங்களும் அப்ப தங்கமாத்தான் இருந்தாங்க."

"இன்னாது?"

"ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் திரும்பு."

பேச்சு முடிவாகி, டிசம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை பூ வைப்பது என்று நாள் குறித்துவிட்டார்கள். கமலவேணி மறுக்கவில்லை. மறுக்க அவளிடம் காரணம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு வாரமும் சில நாளும் இருந்தன. ஒரே பெண். கண்காணாத தேசத்துக்கு அனுப்பிவிட்டு அப்புறம் காது கேட்கவில்லை, கண் தெரியவில்லை என்று தெரிந்துகொள்ள அவள் தயாராக இல்லை.

யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒரு வாழை இலை நினைவுக்கு வந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு அன்னாவும் கிளமானும் உப்பளம் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார்கள். கிளமானின் அண்ணன் லெயோன் இளம்வயதிலேயே பட்டாளத்தில் செத்துப்போனவர். அவருடைய போட்டோ ஹாலில் மாலையோடு இருந்தது. ஒட்ட வெட்டிய தலை, ஓரத்தில் சின்னதாகப் பிளந்த இடது காது. புருஷன் உயிரைக் காப்பாற்றிய வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று அந்த வருடம் கமலவேணிக்குத் தோன்றியது. செத்தவருக்கு வெறும் மெழுகுவத்தி மட்டும் கொளுத்தினால் எப்படி? பசிக்காதா? தன் மாமனாருக்குப் படைப்பது போலவே சோறு வடித்து, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, வாழை இலையில் பரிமாறி, பக்கத்தில் ஒரு கட்டு பீடியும் வைத்து, பெரிய தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். "உங்க அண்ணனுக்குப் படைங்க முசியே" என்றாள். கிளமான் முகம் வெளுத்தது. அழுகிறார் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அன்னா தட்டைத் திருப்பிக் கொடுத்து, "காக்கா வந்து சாப்பிட்டிடிச்சு கமலா. மெர்சி" என்றார்.

ஆனால் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கமலவேணி அந்த இலையைப் பார்த்தாள். கருவேப்பிலையை ஓரமாக ஒதுக்கி வைத்து, வழித்துச் சாப்பிட்டு, தன் பக்கமாக மடித்த இலை. காக்கை இலையை மடிக்காது. கிளமானோ ரத்தக்கொதிப்புக்காரர், கருவாட்டைத் தொடமாட்டார். புகையும் பிடிக்கமாட்டார். அடுத்த சில நாளில் அந்த வீட்டுச் சாக்கடைக் கால்வாயில் பீடித் துண்டுகள் மிதந்து வந்தன.

அப்போது அவள் அதை அத்தோடு விட்டுவிட்டாள். இப்போது எடுத்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

மாடியில் சாலையைப் பார்த்த ஜன்னலின் பச்சைக் கதவுகள் எந்நேரமும் மூடியே இருந்தன. மாடிக் கொடியில் கட்டம் போட்ட கைலி ஒன்று காய்ந்தது. கிளமான் வீட்டில் கால்சட்டைதான் போடுவார். அன்னா காலையில் வாங்குகிற ரொட்டி இரண்டு பேருக்கு அதிகம். ஒரு மத்தியானம் மாடியிலிருந்து இருமல் கேட்டது. அந்த நேரம் கிளமான் கீழே வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்தார்.

யாரோ ஒரு ஆண்பிள்ளை மாடியில் இருக்கிறான். யார்? இந்தக் கேள்வியோடு அவள் அரிசி களைந்தாள், துணி அலசினாள். ஒரு நாள் குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்போது பதில் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. மாப்பிள்ளைதான். ஜெரெமிதான். பிரான்சிலிருந்து புத்தி பேதலித்தோ தீராத வியாதியோடோ திரும்பி வந்துவிட்டான். அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். கல்யாணம் செய்தால் சரியாகும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். அதனால்தான் ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா, நேத்துகூட போன்ல பேசினாரு மா" என்றாள் கவிநிலா. அவள் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் கம்ப்யூட்டரில் பில் போடும் பெண். கம்பெனி வேனில் போய் வருவாள்.

"போனுதான? பக்கத்து ரூம்லேருந்தும் பண்ணலாம்."

"பிரான்ஸ் நம்பர் வருது மா."

"நம்பர் வருது. ஆளு வரானா?"

கவிநிலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கமலவேணி அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் பக்கத்து வீட்டுக் கொடியில் இருந்தது.

எதிர்வீட்டுச் சந்திரகலா வேறு, "பிரான்ஸ் சம்பந்தியாயிட்டீங்க. இனிமே எங்களல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்று தினமும் குத்திக்கொண்டிருந்தாள்.

பூ வைக்கும் நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அன்னாவும் கிளமானும் காலைப் பூசைக்குக் காரில் கிளம்பினார்கள். வாசலில் பூட்டு தொங்கியது. கண்ணையன் டியூட்டி முடித்து வந்து நல்ல காதைத் தலையணையில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கமலவேணி விடியலிலேயே கத்திரிக்காய் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இலையில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, மொட்டை மாடிக்குப் போனாள். இரண்டு மாடிகளுக்கும் நடுவே மார்பளவு கைப்பிடிச்சுவர். இலையை அதன்மேல் வைத்தாள். "கா... கா..." என்று உரக்கக் கூப்பிட்டாள். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டாள்.

காக்கை வந்தது. சுவரில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு வாய் எடுக்கப் போகும்போது அந்தப் பக்கத்திலிருந்து, "சூ, போ" என்று குரல் கேட்டது. கதவு கிரீச்சிட்டது. சுருக்கம் விழுந்த ஒரு கை இலையின் ஓரத்தைப் பிடித்தது.

கமலவேணி எழுந்து நின்றாள்.

ஜெரெமி இல்லை. எழுபதைத் தாண்டிய கிழவர். கட்டம் போட்ட கைலி. நரைத்த தலை. பிளந்த இடது காது. ஹாலில் மாலைக்குள் இருக்கும் முகத்தை வெயிலில் பல வருடம் காயப் போட்டதுபோல் இருந்தார். அவர் ஓடவில்லை. அவளைப் பார்த்தார், இலையைப் பார்த்தார்.

"பீடி வெக்கலியாம்மா இந்த தடவ?" என்றார்.

கமலவேணி தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க..."

"லெயோன்தான். செத்தவன்." சொல்லிக்கொண்டே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். "உப்பு கொஞ்சம் தூக்கல். போன தடவ சரியா இருந்திச்சு."

பூசை முடிந்து கார் வந்து நின்றபோது கமலவேணி கேட்டருகிலேயே நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் அவர்கள் பின்னாலேயே உள்ளே போய், மாலை போட்ட போட்டோவுக்குக் கீழே நின்றாள்.

"இவருக்குக் கொழம்புல உப்பு தூக்கலாம்" என்றாள்.

அன்னா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கிளமான் ஜன்னலைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். அல்ஜீரியா சண்டைக்குக் கூட்டிப் போகக் கப்பல் ஏற்றும்போது அண்ணன் பிரான்சின் மர்சேல் துறைமுகத்தில் காணாமல் போனார். கடலில் விழுந்திருப்பான் என்று நினைத்து அம்மா உப்பளத்தில் வெறும் கல்லறை கட்டினாள். அவர் பம்பாயில் வேறு பேரில், கப்பல்களில் சமையல் வேலை செய்து காலம் தள்ளினார். உடம்பு தளர்ந்து மூன்று வருடம் முன்பு வந்து கதவைத் தட்டினார்.

"பட்டாளத்துலேருந்து ஓடிப்போனவரு. நானும் அதே பட்டாளத்துல இருந்தவன். தெரிஞ்சா எங்க காயிதத்தயெல்லாம் தோண்டுவாங்க. பையன் நேஷனாலிட்டியே போயிடும்."

"யாரயாவது விசாரிச்சீங்களா முசியே?"

"விசாரிச்சா, எதுக்குக் கேக்கறன்னு கேப்பாங்களே."

"வருசா வருசம் அவரு கல்லறைக்கு அவரேதான் சுண்ணாம்பு அடிக்கறாரு" என்றார் அன்னா. "தலையில துண்டக் கட்டிக்கிட்டு, கூலிக்காரன் மாதிரி. நாங்க மெழுகுவத்தி ஏத்துவோம். அவரு ஓரமா நிப்பாரு."

கமலவேணி மாலை போட்ட போட்டோவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் அவள் வந்தது இதற்கல்ல. "இதுக்கும் எம்பொண்ணுக்கும் இன்னா சம்பந்தம்?"

கிளமான் தரையைப் பார்த்தார். "அன்னிக்கு நீங்க கருவாட்டுக் கொழம்பும் பீடியும் கொண்டாந்தீங்க. எங்கண்ணனுக்கு உசுரே அது ரெண்டும்தான். உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிபோச்சு, சொல்லிக் காட்டறீங்கன்னு நெனச்சோம்."

"செத்த ஆம்பளைக்குப் பீடி வெக்காம ஊதுவத்தியா வெப்பாங்க? எங்க மாமனாருக்கு வெக்கறதத்தான வெச்சேன்!"

அவள் அவர்களைச் சந்தேகப்பட்ட நாள்களில் அவர்கள் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காதை வைத்தவர்கள் கேட்டது தங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வதைத்தான்.

"அப்ப, எங்க வாய அடைக்கத்தான் பொண்ணு கேட்டீங்க."

"மொதல்ல அப்படித்தான் கமலா" என்றார் அன்னா. "அப்புறம்..."

"அப்புறம்ன்றத அப்புறமா சொல்லுங்க. எம்பொண்ணு கதவுக்குப் போடற தாழ்ப்பா இல்ல. எங்கிட்டேருந்து ஒரு வார்த்த வெளிய போவாது. அதுக்கு நீங்க எதுவும் தர வேணாம். பூ வைக்கறத நிறுத்திக்கலாம். இனிமே பயம் இல்லியே? பயம் இல்லாமயும் பொண்ணு வேணும்னு தோணிச்சின்னா வந்து கேளுங்க."

சாயங்காலம் கவிநிலாவிடம் சொன்னாள். பெண் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். கவிநிலா கோபப்பட்டாள்.

"யாரக் கேட்டும்மா நிறுத்தின?"

"அந்த மாடியில யாரு இருக்காங்க தெரியுமா?"

"அவங்க பெரியப்பா. தெரியும்."

"இன்னாது?" என்றாள் கமலவேணி.

"ஜெரெமி மொத தடவ பேசும்போதே சொல்லிட்டாரு. இத மறைச்சு ஒன்ன கட்டிக்க முடியாதுன்னாரு. பட்டாளத்துலேருந்து ஓடினவங்களயெல்லாம் பிரெஞ்சு சர்க்காரு எப்பவோ மன்னிச்சு விட்டுடுச்சாம். அங்க வக்கீல்கிட்டயே கேட்டாராம். அவங்க அப்பாதான் நம்ப மாட்டேங்கறாராம்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"அடுத்தவங்க வூட்டு விசயத்த வெளிய சொல்லக்கூடாதுன்னு நீதான சொல்லிக் குடுத்த?"

தெருவில் எந்த வீட்டில் எத்தனை கைலி காய்கிறது என்று தெரிந்தவளுக்குத் தன் வீட்டுப் பெண்ணின் முகத்தில் ஒரு ரகசியம் இத்தனை நாளாக உட்கார்ந்திருந்தது தெரியவில்லை. அன்று அவள் சாப்பிடவில்லை. பையன் நல்லவன்தான் போலிருக்கிறது. அந்தப் 'போலிருக்கிறது' என்பதைத் தாண்டி அவள் மனசு வரவில்லை. சொன்ன சொல்லையும் அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வரட்டும்.

அவர்கள் வரவில்லை. பூ வைக்க வேண்டிய ஞாயிறு சும்மா போயிற்று. பச்சைக் கதவுகள் மூடியே இருந்தன. அன்னா ரொட்டி வாங்கப் போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

சந்திரகலா விடவில்லை. "இன்னா கமலா, பூ வைக்கலியாமே? பையனுக்கு அங்க ஒரு குடும்பம் இருக்குன்றாங்க. பொண்ணுகிட்டத்தான் ஏதோன்னு இன்னொருத்தி சொல்றா. நான் நம்பல, தோ பாரு."

ஒரு வார்த்தை போதும். மாடியைக் கைகாட்டி ஒரே வார்த்தை சொன்னால் பெண்ணின் பேர் வெள்ளையாகிவிடும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. "மார்கழி பொறக்கப் போவுதில்ல? தை வரட்டும்னு தள்ளி வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் கமலவேணி உள்ளே வந்தாள். பிறர் ரகசியத்தைத் தேடுவதைவிட வைத்திருப்பது கனமாக இருந்தது.

காரணம் எப்போதோ செத்துப்போன பயம் ஒன்று, உயிரோடிருக்கும் ஆளை மாடியில் படுக்க வைத்திருந்தது. அந்தப் பயத்துக்குக் கல்லறை கட்டிச் சுண்ணாம்பு அடிப்பது யார்?

கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் வீடுகளில் தொங்க ஆரம்பித்திருந்த ஒரு சாயங்காலம். வேலை முடிந்து தெருவில் ஆள் நடமாட்டம் இருந்த நேரம். சொல்தா வீட்டு முன்கதவு திறந்தது. வெளுத்த சட்டையும், கணுக்கால் தெரியும் குட்டையான கால்சட்டையுமாக லெயோன் வெளியே வந்தார். கையில் பழத்தட்டு. அவருக்குப் பின்னால் கேட்டைப் பிடித்தபடி கிளமான், போலீஸ் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்ப்பதுபோல் நின்றிருந்தார். அன்னா சிலுவை போட்டுக்கொண்டார்.

கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்த சந்திரகலா வாயைப் பிளந்தாள். "யாரு கமலா இவரு?"

தன் வாசலில் நின்ற கமலவேணி பதில் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டிய பதில் இல்லை.

"லெயோன்" என்றார் கிழவர். இன்னொரு முறை, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "லெயோன். கிளமானுக்கு அண்ணன்."

கமலவேணி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். கண்ணையன் திருதிருவென்று விழித்தான், அவனுக்குப் பாதி கேட்டது, கேட்ட பாதியும் புரியவில்லை. தட்டை நடுவில் வைத்து லெயோன் சொன்னார்: "பயம் இல்லாம வந்து கேளுங்கன்னீங்களாம். எங்க வீட்டுக்கு மூத்தவன் நான். பொண்ணு கேக்க நான்தான் வந்திருக்கணும். அவங்கள அனுப்பினது தப்பு."

கமலவேணி சுவரில் சாய்ந்து நின்றாள். பழக்கம் விடவில்லை. "நீங்க இன்னா எதிர்பாக்கறீங்க?"

"ஒண்ணு இருக்கு."

வாசற்படியில் நின்ற கிளமான், "அண்ணே!" என்றார் பதறி.

"நீ சும்மா இரு. பொண்ணு குடுத்தா மாசம் ஒரு நா கருவாட்டுக் கொழம்பு வரணும். இலையில போட்டு. உப்பு அளவா." கொஞ்சம் யோசித்து, "ஒரு கட்டு பீடியும்" என்றார்.

கமலவேணி சுவரை விட்டு நிமிர்ந்தாள். ஒருவழியாக, கேட்டுவிட்டார்கள்.

"பீடி கெடையாது" என்றாள். "மத்தத எம்பொண்ணக் கேட்டுத்தான் சொல்லுவேன். வேன் வர்ற நேரம்தான். உக்காருங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், டப்பாவைத் திறந்து ஒரு கைப்பிடி நெத்திலியை எடுத்து வெந்நீரில் போட்டாள்.